முறிந்த மணத்திற்கு முட்டுக்கொடுக்கும் தில்லிச் சட்டம்!

"உலகிலேயே மணமுறிவு மிகக் குறைந்த நாடு இந்தியா, குடும்பம் குலையாத பெருமை பாரதப் பண்பாட்டிற்கே உரியது" என்று மேடைதோறும் மார்தட்டுவோர் இன்று பெருகியுள்ளனர். தாளிகைகளும் அதையே ஆண்டுக்கு ஒருமுறை அச்சிட்டு மகிழ்கின்றன. மேலைநாடுகளில் மணம் காலையில் கட்டி மாலையில் அவிழ்க்கும் மூட்டை என்றும், இங்கோ அஃது ஏழு பிறவிக்கும் தொடரும் முடிச்சு என்றும் கூறப்படும் கதையைக் கேட்டுக் கைதட்டும் தமிழரும் உளர். கைதட்டுமுன் கணக்கைப் பார்த்திருக்க வேண்டும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மணமுறிவு பெற்றவர் ஏறத்தாழ 13.6 இலக்கம் பேர். மணம் செய்துகொண்டோர் தொகையில் இது 0.24 விழுக்காடு. பெருமை பேசுவோர் இந்த ஓர் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிடுகின்றனர். அதே கணக்கெடுப்பில் அடுத்த வரியிலேயே இன்னோர் எண் நிற்கிறது. மணமுறிவும் பெறாமல், சேர்ந்தும் வாழாமல், பிரிந்து கிடப்போர் ஏறத்தாழ 35 இலக்கம் பேர். மணமுறிவு பெற்ற ஒருவர்க்குப் பிரிந்து கிடப்போர் இருவர்க்கும் மேல்! இவ்விரு கூட்டத்திலும் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி. ஏறக்குறைய இரு மடங்கு. ஆண் மறுமணம் செய்துகொண்டு கணக்கிலிருந்து நழுவிவிடுகிறான். பெண் தாய்வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிடுகிறாள் என்பதன்றி இதற்கு வேறு என்ன பொருள்? அவர்களுள் எத்தனை பேர் தம் விருப்பால் அவ்வாறு இருக்கின்றனர், எத்தனை பேர் வழக்குமன்றப் படிக்கட்டில் காத்துக்கிடக்கின்றனர் என்பதைக் கணக்கெடுப்பு கூறவில்லை. ஆனால் முறிவு குறைவு என்பதாலேயே மணங்கள் முழுமையாக உள்ளன என்று கூறுவது, மருத்துவமனை இல்லாத ஊரில் நோயாளர் பட்டியல் இல்லை என்பதால் அவ்வூரில் நோயே இல்லை என்பது போன்றது.

இந்த இழிநிலைக்குச் சொல்லிலிருந்தே தொடக்கம் உண்டு. 'விவாகரத்து' என்று தமிழன் கூசாமல் கூறுகிறான். விவாகம் வடசொல், பெண்ணைத் தூக்கிச் செல்லுதல் என்பது அதன் வேர்ப்பொருள். ரத்து அரபு வழியாக உருதுவில் புகுந்து, ஆட்சியாளர் வாயிலாகத் தமிழ்நாட்டு அலுவலகங்களில் குடியேறிய சொல். வடக்கேயிருந்து வந்த ஒரு சொல்லையும் அதற்கும் அப்பாலிருந்து வந்த இன்னொரு சொல்லையும் ஒட்டித் தைத்த இந்தக் கந்தலைப் போர்த்திக்கொண்டு, 'மணமுறிவு என்பதே மேலைநாட்டுச் சரக்கு, தமிழர்க்கு அது புதிது' என்று கூறுவோரின் அறியாமையை என்னென்பது! மணமுறிவு, மணவிலக்கு என்னும் சொற்கள் இருக்க இக் கந்தல் எதற்கு என்பது ஒருபுறம் இருக்கட்டும். சொல் மட்டுமன்று, செயலும் தமிழர்க்குப் புதிதன்று என்பதே இங்குக் கூறவேண்டுவது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் 'அறுத்துக்கட்டுதல்' என்பது நேற்றுவரை இயல்பாய் நடந்த ஒன்று. ஒவ்வாத கணவனின் தாலியை ஊர்முன் அறுத்துக் கொடுத்துவிட்டு, மற்றொருவனை மணந்துகொள்ளும் முறை அது. ஊர்ப் பெரியவர் கூடுவர், கொடுத்த பரிசமும் போட்ட நகையும் கணக்குப் பார்க்கப்படும், தண்டம் இருப்பின் அது கட்டப்படும், அன்றே முடிவு. கள்ளர் குடியில் துரும்பு கொடுத்து மணம் விலக்கும் வழக்கத்தை 1909இல் வெளிவந்த தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் தொகுப்பில் எட்கர் தர்சுடன் பதிவு செய்துள்ளார். துரும்பு கொடுத்தல் என்றால் மணத்தை விலக்குதல். துரும்பு வாங்குதல் என்றால் அவ் விலக்கை ஏற்றல். ஒரு துரும்பளவு ஆவணம்! வெள்ளையர் காலச் சென்னை உயர்முறைமன்றமே 1894இல் தந்த தீர்ப்பொன்றில், வழக்காற்றின்படி விலக்கி மறுமணம் செய்தலை ஏற்றுக்கொண்டது.

இதைக் கூறுவதால் பழந்தமிழர் பெண்ணைப் பூப்போல் வைத்திருந்தனர் என்று யாரும் மயங்க வேண்டுவதில்லை. கைம்பெண்ணை வேளைக்கீரையும் எள்ளுத் துவையலுமாய் வாட்டிய கொடுமையைப் புறநானூறே காட்டுகிறது. ஊர்மன்றத்தில் அமர்ந்தவர் அனைவரும் ஆண்களே. தண்டம் கட்ட இயலாத பெண்ணுக்குத் தாலியறுப்பும் எளிதன்று. ஆயினும், பொருந்தா மணத்தைப் பிறவி தோறும் சுமக்க வேண்டும் என்னும் கொள்கை மட்டும் உழைக்கும் தமிழ்க் குடிகளிடம் இல்லை. பொய்யும் வழுவும் தோன்றிய பின்னரே கரணம் வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் தெளிவாய்ச் சொல்கிறது. கரணம் மாந்தர் வகுத்தது எனில், அதை அவிழ்க்கும் உரிமையும் மாந்தர்க்கு உண்டு அன்றோ?

மற்றொரு பக்கம் மனுநூல் நிற்கிறது. விற்றாலும் விலக்கினாலும் மனைவி கணவனிடமிருந்து விடுபடாள் என்பது அதன் ஒன்பதாம் பகுதியின் கட்டளை. வடநூல்களுள் கௌடலியரின் பொருள்நூல் மட்டும் இருவர்க்கும் வெறுப்பு உண்டாயின் விடுதலை உண்டு என்று கூறியது. ஆனால் அதுவும், உயர்ந்தவை என்று தாம் வகுத்துக்கொண்ட நால்வகை மணங்களுக்கு அவ் விடுதலை இல்லை என்று கதவை அடைத்தது. மணம் எவ்வளவு 'உயர்ந்ததோ' அவ்வளவுக்குப் பெண்ணின் கட்டு இறுகும் என்பதே அவ்வொழுங்கு. இதைப் பார்த்துத்தான், சற்றே பொருள் சேர்த்த தமிழ்க் குடிகள் ஒவ்வொன்றாய் 'எங்களுக்குள் அறுத்துக்கட்டும் வழக்கம் இல்லை' என்று பெருமையடித்துக்கொள்ளத் தொடங்கின. 'அறுத்துக்கட்டின சாதி' என்பது வசைமொழியாயிற்று. சொந்த வழக்கத்தை வசையாக்கிக்கொண்ட மக்கள் உலகில் வேறு எங்கேனும் உளரோ, தெரியவில்லை!

இம் மயக்கத்தை உடைக்கும் குரல் தமிழ்நாட்டில் எழுந்தது. 1929 பிப்பிரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதலாம் தன்மான இயக்க மாநாடு, பெண்ணுக்கு உடைமையுரிமை வேண்டும் என்றதோடு நில்லாமல், ஒவ்வாத மணத்தை நீக்கிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்றது. சட்டம் என்ற வகையில் பரோடா அரசு 1931இலும், பம்பாய் 1947இலும், சென்னை 1949இலும் மணமுறிவுச் சட்டங்களை இயற்றின. சென்னைச் சட்டம் இருதார மணத்தைத் தடுப்பதையும் மணவிலக்கு வழங்குவதையும் ஒருங்கே மேற்கொண்டது. அதாவது, தில்லி கண்விழிக்குமுன்னரே மாநிலங்கள் நடக்கத் தொடங்கிவிட்டன.

தில்லி 1955இல் எழுந்து வந்து என்ன செய்தது? இந்து மணச் சட்டம் என்று ஒன்றை இயற்றி, அதன் 30ஆம் பிரிவில் சென்னைச் சட்டத்தையும் பம்பாய்ச் சட்டத்தையும் சௌராட்டிரச் சட்டத்தையும் ஒரே வரியில் நீக்கியது. இந்தியா முழுமைக்கும் ஒரே முறிவுரிமை வந்துவிட்டது என்று புகழ்ந்தோர் உண்டு. புகழத்தக்க கூறு அதில் இல்லாமலும் இல்லை; மனுநூலின் பூட்டைத் திறந்த சட்டம் அது. ஆனால் திறந்த கதவுக்குள் அச் சட்டம் எத்தனை தாழ்ப்பாள் வைத்தது என்பதைப் பாருங்கள்.

கணவன் அடித்து நொறுக்குகிறான். மனைவி விடுபட விரும்புகிறாள். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் கொடுமை என்பது மணமுறிவுக்கு உரிய கரணியமே அன்று! கைவிட்டு ஓடுதலும் அன்று! அவற்றைக் காட்டி அவள் முதலில் 'முறைமன்றப் பிரிவாணை' ஒன்றைப் பெற வேண்டும். அதற்கு வழக்காடும் காலம் தனி. ஆணை பெற்றபின் ஈராண்டுகள் காத்திருக்க வேண்டும். அதன்பின் மணமுறிவுக்குப் புதிதாய் வழக்குத் தொடுக்க வேண்டும். மணமாகி மூன்றாண்டுகள் நிறையாவிடில் அவ் வழக்கையும் ஏற்க மாட்டார்கள். அதிலும் வென்று தீர்ப்புக் கையில் வந்தபின், மறுமணத்திற்கு மேலும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். வழக்குமன்றத்தில் கழியும் ஆண்டுகளைச் சேர்க்காமலே, வெறுங்காத்திருப்பு மட்டும் மூன்றாண்டு! துரும்பு கொடுத்து ஒரே நாளில் முடித்துக்கொண்ட மக்கள்மேல் இச் சட்டம் 1976 வரை, இருபத்தோராண்டுகள், அமர்ந்திருந்தது.

இறுதியாகச் சொன்ன அந்த ஓராண்டுத் தடையைத் தனியே எடுத்து ஆராய வேண்டும். தீர்ப்பு வந்தபின்னும் மறுமணத்தைத் தடுப்பது எதற்கு? உலகில் இதற்கு முதன்மையாகச் சொல்லப்பட்ட கரணியம்: பிறக்கும் குழந்தைக்குத் தந்தை யார் என்னும் ஐயம் எழாமை. பிரெஞ்சு நாட்டுச் சட்டநூல் பெண்ணை 300 நாள் காத்திருக்கச் சொன்னது அதனால்தான். சப்பான் நாடு பெண்ணுக்கு மட்டும் ஆறு திங்கள் தடை விதித்ததும் அதனால்தான். இந்தியச் சான்றுச் சட்டமும் மணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் பிறக்கும் குழந்தைக்கு முன்னைக் கணவனே தந்தை என்று விதி வகுத்து அவ் வையத்தைத் தீர்த்துவைத்திருந்தது. ஆனால் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் தடை ஆண் பெண் இருவர்க்கும் பொது! ஆண் கருவுறுவதில்லையே! எனவே குழந்தையின் பொருட்டு அத் தடை வந்ததென்று எவரும் கூற இயலாது. மணத்தை முறித்தவர் சிறிது நாள் நோகட்டும் என்னும் ஒறுப்பு எண்ணமே அதன் பின்னே நின்றது. மேல்முறையீட்டுக்குரிய காலம் கழியட்டும் என்றால் அதில் ஞாயம் உண்டு. இன்றுள்ள 15ஆம் பிரிவு அதையே கேட்கிறது. 2003 முதல் அக் காலம் 90 நாள். அதில் குறைகாண இடமில்லை. ஓராண்டுக்கோ எந்த ஞாயமும் இல்லை.

அத் தடையால் யார் நைந்தனர் என்பதற்கு உச்சமுறைமன்றம் 1978இல் தீர்த்த வழக்கொன்றே சான்று. முதல் மணம் முறிந்த ஆடவன் ஓராண்டு நிறையுமுன் மறுமணம் செய்துகொண்டான். அவன் இறந்தபின் அவன் உறவினர், 'தடைக்காலத்தில் நடந்த மணம் மணமே அன்று. எனவே இவள் மனைவியும் அல்லள், உடைமைக்கு உரியவளும் அல்லள்' என்று கிளம்பினர். உயர்முறைமன்றத்தில் அப் பெண் தோற்றாள். உச்சமுறைமன்றமே, தடையை மீறினாலும் மணம் செல்லும் என்று அவளைக் காத்தது. தீர்ப்பு வந்தபோது அந்தத் தடை நீங்கி ஈராண்டு ஆகியிருந்தது! மீறினாலும் மணம் செல்லுமெனில் தடை எதற்கு? கைம்பெண்ணின் நிலத்தைப் பறிக்க எண்ணும் பங்காளிகளுக்கு ஒரு கருவியாக உதவியதன்றி அது வேறு யார்க்கு உதவியது?

உலகமும் இத்தகைய தடைகளைக் கழற்றி எறிந்துவருகிறது. பிரெஞ்சு நாடு 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் 300 நாள் தடையை நீக்கியது. சப்பானில் 2015இல் உச்சமுறைமன்றம் 100 நாளுக்கு மேற்பட்ட தடை செல்லாது என்றது. 2024 ஏப்பிரலில் எஞ்சிய 100 நாளும் ஒழிந்தது. அயர்லாந்தின் கதை இன்னும் கூர்மையானது. கத்தோலிக்கத் திருச்சபையின் கோட்டையாயிருந்த அந் நாடு 1995இல் மயிரிழை வேறுபாட்டில் மணமுறிவை ஏற்றது. ஐந்தாண்டுகளுள் நான்காண்டுகள் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்னும் காத்திருப்பை அரசமைப்புச் சட்டத்திலேயே எழுதிவைத்தது. மணம் குலைந்து நாடே பாழாகும் என்று அன்று அச்சுறுத்தினர். 2019இல் அக் காத்திருப்பை அரசமைப்பிலிருந்து நீக்கலாமா என்று மக்களையே கேட்டபோது நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டோர் 'நீக்குக' என்றனர். இருபத்துநான்காண்டு வாழ்ந்து பார்த்த மக்களின் தீர்ப்பு அது.

அமெரிக்காவைக் காட்டி அச்சுறுத்துவோர்க்கும் ஒன்று கூற வேண்டும். அந் நாட்டில் மணச்சட்டம் மாநிலங்களின் உரிமை. வாசிங்டன் அதில் கைவைப்பதில்லை. நியூயார்க்கு மாநிலம் 1966 வரை பிறன்மனை விழைவு ஒன்றையே கரணியமாகக் கொண்டிருந்தபோது, நெவாடா 1931 முதல் ஆறு கிழமை தங்கினாலே வழக்கேற்றது. கலிபோர்னியா 1969இல் குற்றம் காட்டத் தேவையற்ற முறிவுச் சட்டம் இயற்றியது. விசுகான்சினில் தீர்ப்புக்குப்பின் ஆறு திங்கள் மறுமணத் தடை உண்டு; பல மாநிலங்களில் அத்தகைய தடையே இல்லை. சட்டம் எளிதானால் முறிவு பெருகிக்கொண்டே போகும் என்பது உண்மையாயின் அங்கே இன்று ஒரு மணமும் மிஞ்சியிருக்கக் கூடாது. நடந்தது என்ன? 1981இல் ஆயிரம் மக்களுக்கு 5.3 என்றிருந்த முறிவு விழுக்காடு, 2021இல் 2.5ஆகக் குறைந்தது. கடைசி மாநிலமான நியூயார்க்கும் 2010இல் குற்றமிலா முறிவை ஏற்றுவிட்ட பின்னரும் அது குறைந்தே வந்தது. அங்கு மணம் செய்வோரே குறைந்துவிட்டனர் என்பதும் இதற்கு ஒரு கரணியந்தான். எனினும் சட்டத்தின் தாழ்ப்பாளுக்கும் மணத்தின் உறுதிக்கும் தொடர்பில்லை என்பதற்கு இது போதும்.

தில்லிச் சட்டம் 1976இல் சற்று இளகியது. கொடுமையும் கைவிடலும் முறிவுக்குக் கரணியங்களாயின, மூன்றாண்டு ஓராண்டாயிற்று, மறுமணத்திற்கான ஓராண்டுத் தடை ஒழிந்தது, இருவர் ஒப்பத்தால் முறிவு பெறும் 13ஆ பிரிவு புதிதாய் வந்தது. ஆனால் அங்கும் ஒரு தாழ்ப்பாள்! ஓராண்டு பிரிந்து வாழ்ந்து, இருவரும் ஒருமனமாய் வந்து கேட்டாலும், 'போய் ஆறு திங்கள் கழித்து வாருங்கள்' என்றது. உடைமை பிரித்து, பிள்ளை யாரிடம் என்று முடிவு செய்து, நகையைத் திருப்பிக் கொடுத்து வந்து நிற்கும் இருவரை மேலும் ஆறு திங்கள் நிறுத்திவைப்பதால் எந்தக் காதல் மீண்டும் தளிர்க்கும்? 2017இல் உச்சமுறைமன்றம், அவ் வாறு திங்கள் கட்டாயம் அன்று, வேண்டியபோது நடுவர் தளர்த்தலாம் என்றது. தளர்த்துவதும் தளர்த்தாததும் நடுவரின் உள்ளத்தைப் பொறுத்தது. 2023இல் ஐவர் ஆயம், மீட்க முடியாதவாறு முறிந்துபோன மணத்தை அரசமைப்பின் 142ஆம் பிரிவைக் கொண்டு உச்சமுறைமன்றமே நேரில் நீக்கலாம் என்றது. நல்ல செய்திதான், யார்க்கு? விருதுநகரிலோ திருவண்ணாமலையிலோ தையற்பொறி மிதித்துப் பிழைக்கும் பெண் தில்லிக்குச் சென்று அவ்வுரிமையைக் கேட்பாளா? அவளூர்க் குடும்ப முறைமன்றத்திற்கு அவ்வுரிமை இல்லை. முறிந்தே போன மணத்தை அக் கரணியத்தாலேயே நீக்கச் சட்டம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 1978இலேயே சொல்லிற்று. 2009இல் மீண்டும் சொல்லிற்று. மாநிலங்களவை 2013இல் அதற்கான முன்வரைவை நிறைவேற்றியது. மக்களவை எடுத்துக்கொள்ளாமையால் 2014இல் அது காலாவதியாயிற்று.

இதற்கிடையில் ஊர் வழக்கம் என்ன ஆயிற்று? 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 29ஆம் பிரிவு வழக்காற்று முறிவைக் காப்பதாகக் கூறுகிறது. ஆனால் அவ் வழக்கம் தம் குடியில் தொன்றுதொட்டு இடையறாது உண்டு என்று அவர்களே முறைமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். ஊர்ப் பெரியவர் முன் எழுதிக்கொண்ட விடுதலை முறியை நம்பி மறுமணம் செய்துகொண்ட பெண், பின்னர் வழக்கு வந்து வழக்கத்தை மெய்ப்பிக்க இயலாது போனால், மனைவி என்னும் நிலையை ஒரே நாளில் இழப்பாள்; அவள் மறுமணம் செல்லாது போகும்; இருமணக் குற்றத்திற்கு ஏழாண்டு வரை சிறை என்னும் அச்சமும் சேரும். அறுத்துக்கட்டும் வழக்கத்தை இழிவென்று மறைத்த குடும்பத்துப் பெண்ணுக்கு அதை மெய்ப்பிக்கச் சான்று யார் சொல்ல வருவர்? பெருமைக்காக வழக்கத்தை மறைத்த அதே மாமனும் சிற்றப்பனும் கூண்டேற அஞ்சி ஒதுங்கிக்கொள்வர்.

தன்மானத் திருமணத்தின் நிலையும் அரைகுறையே. தீவலமும் வடமொழி மந்திரமும் இல்லாத மணம் செல்லாது என்று 1953இல் சென்னை உயர்முறைமன்றம் கூறியதும், அண்ணாவின் அரசு 1967இல் 7அ பிரிவைச் சேர்த்து, முன்பு நடந்த அத்தகைய மணங்களும் செல்லும் என்று ஆக்கியதும், 1968 சனவரியில் அதற்குக் குடியரசுத் தலைவரின் இசைவு வந்ததும் தமிழர் அறிந்தவையே. நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே மணம் என்றாயிற்று. 2023இல் உச்சமுறைமன்றம், ஊரைக் கூட்டி விழாவெடுக்க வேண்டுவதில்லை, வழக்குரைஞர் அலுவலகத்தில் நடந்தாலும் அது மணமே என்று அப் பிரிவுக்கு விளக்கமும் தந்தது. ஆனால் உள்ளே செல்ல மட்டுமே தமிழ்நாடு தன் வாயிலை அமைத்தது. வெளியே வரும் வாயில் இன்றும் தில்லியின் 13ஆம் பிரிவே. இருவர் சொல்லால் கூடிய மணம் இருவர் சொல்லால் நீங்கக் கூடாதா? செங்கற்பட்டில் கேட்டவை இரண்டும் ஒருசேரக் கேட்கப்பட்டவை.

இதைத் தமிழ்நாடு செய்ய இயலாது என்போர் அரசமைப்பைப் படித்துப் பார்க்கட்டும். மணமும் மணமுறிவும் பொதுப்பட்டியலின் ஐந்தாம் இனம். 254ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் இசைவோடு மாநிலம் தன் எல்லைக்குள் திருத்தம் செய்துகொள்ளலாம். 7அ வந்தது அவ்வழியில்தான். உத்தரப்பிரதேசம் 1962இலேயே கொடுமையை மணமுறிவுக்குக் கரணியமாகத் தன் மாநிலத் திருத்தத்தால் சேர்த்தது. தில்லி அதைச் செய்தது பதினான்காண்டு கழித்து. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நாளையே இரண்டு திருத்தங்களை முன்வரையலாம். ஒன்று, ஓராண்டு பிரிந்து வாழ்ந்து, பிள்ளைக்கும் வாழ்பொருளுக்கும் வழிசெய்து, இருவரும் ஒப்பி வந்தால் ஆறு திங்கள் இன்றி முறிவு. மற்றொன்று, மீளாதவாறு முறிந்த மணத்தை அக் கரணியத்தாலேயே குடும்ப முறைமன்றம் நீக்கும் உரிமை. அதில் பெண்ணின் வாழ்பொருளை உறுதிசெய்தபின்னரே ஆணை என்னும் கட்டுப்பாடு. இரண்டாவதில் அக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டால், பணம் படைத்த ஆண் மனைவியைத் தெருவில் விட்டுச் செல்லும் உரிமையாக அது முடியும். முன்வரைவோர் முதலில் எழுத வேண்டியது அவ்வரியையே. அத் திருத்தத்தின் தலைப்பில் 'விவாகரத்து' என்று எழுதாமல் 'மணமுறிவு' என்று எழுதுவதற்குத் தில்லியின் இசைவும் தேவையில்லை.